மலைப்பூண்டு என்றால் எந்த மலை? பூம்பாறைச் சரிவிலிருந்து ஒரு விளக்கம்

2024 பிப்ரவரியில் பூண்டின் சில்லறை விலை கிலோ ₹500ஐத் தாண்டியபோது பலருக்கு ஒரே சந்தேகம் வந்தது. கடையில் நாட்டுப்பூண்டு ஒரு விலை, மலைப்பூண்டு ஒரு விலை, இமாச்சல் பூண்டு இன்னொரு விலை. மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. அப்படியானால் 2019இல் புவிசார் குறியீடு (ஓர் ஊரின் பொருளுக்கு அந்த ஊர்ப்பெயரைச் சட்டப்படி காக்கும் பதிவு) வாங்கிய 'கொடைக்கானல் மலைப்பூண்டு' இதில் எது? குறியீடு வாங்கிய பொருள் இப்படிப் பெயர் தெரியாமல் சாக்கில் கிடக்குமா?

பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் தேடினால் கிடைக்காது. அது விளையும் ஊரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொடைக்கானலுக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தூரத்தில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூம்பாறையை எடுத்துக்கொள்வோம். மேலே சாலையோரம் நின்று படமெடுக்காமல் யாரும் கடப்பதில்லை என்பதால், போகாதவர்களும் பார்த்த ஊர் அது. நடுவில் நெருக்கியடித்த வீடுகள், சுற்றிலும் படிப்படியாக வயல்கள்.

மேல்மலை, கீழ்மலை

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிய ஒரு கை. அங்குள்ளவர்கள் அதை இரண்டாகப் பிரித்தே பேசுவார்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர், பாச்சலூர் எல்லாம் கீழ்மலை: காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கால், கிளாவரை எல்லாம் மேல்மலை: பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ், பிளம்ஸ், பேரிக்காய். பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்துக் 'கொடைக்கானல் மலைக்கிராமங்கள்' என்று எழுதும்போதே பாதிக் குழப்பம் தொடங்கிவிடுகிறது. காப்பித் தோட்டக்காரரின் கவலை வேறு, பூண்டுக்காரரின் கவலை வேறு.

இரண்டையும் பிரிப்பது வெப்பநிலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்து வத்தலக்குண்டுக்கும் பூம்பாறைக்கும் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயர வித்தியாசம். ஆகவே கீழே 35 டிகிரியில் வேர்த்துக் கொட்டும் நேரத்தில் மேலே 25க்குள்தான் இருக்கும். காப்பிக்கும் மலைவாழைக்கும் நடு உயரம் போதும். பூண்டு கிழங்கு பிடிக்க அதற்கும் மேலே போக வேண்டும்.

அடுத்தது மழை. ஜூனில் தென்மேற்குக் காற்று முதலில் மூணாறு, ஆனைமலைப் பக்கத்து உயரங்களில் மோதிப் பெரும்பாலானதைக் கொட்டிவிட்டுத்தான் இங்கே வருகிறது. மேல்மலைக்கு அந்த மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் சாரலும் மூடுபனியும். இங்கே பெருமழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையும் உண்டு. கொடைக்கானல் நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மி.மீ. பெய்கிறது. மேற்கே அமராவதிப் பள்ளத்தாக்கை நோக்கிப் போகப்போக இது குறையும். வரைபடத்தில் விரல் அகலத் தூரத்தில் இருக்கும் மறையூரும் சின்னாறும் ஏறக்குறைய வறண்ட காடுகள்.

குளிர் பள்ளத்தில் தேங்கும்

உயரம் கூடினால் குளிர் கூடும் என்பது பகலுக்குச் சரி. மார்கழி, தை இரவுகளில் கணக்கு தலைகீழாகிவிடும்.

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று தண்ணீரைப்போலவே சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் உறைபனி மேட்டில் விழாமல் ஓடையோரத்துத் தட்டை நிலங்களிலும் புல்வெளிப் பள்ளங்களிலும் வெள்ளையாகப் படிகிறது. மன்னவனூர்ப் புல்வெளியும் கொடைக்கானல் ஏரியோரமும் விடியற்காலையில் வெளுத்துக் கிடக்கும் படங்கள் ஒவ்வோர் ஆண்டும் செய்தியில் வருவது இதனால்தான்.

இதைத் தெரிந்துகொண்டு பூம்பாறையைப் பார்த்தால், வீடுகள் ஏன் சரிவில் நிற்கின்றன என்பது பிடிபடும். பள்ளத்தின் அடியில் குளிர், உச்சியில் காற்று. நடுச்சரிவு இரண்டுக்கும் தப்பிய இடம். வீடுகளை நெருக்கிக் கட்டினால் விளையும் மண் மிச்சமாகும், இரவில் விலங்குகள் ஊருக்குள் புகுவதும் குறையும். குழந்தை வேலப்பர் கோயிலை நடுவில் வைத்துத்தான் ஊர் வளர்ந்தது என்று பூம்பாறைக்காரர்கள் சொல்வார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோயிலும் சரியான இடம் பார்த்துத்தான் அமர்ந்திருக்கிறது. (அங்குள்ள மூலவரைப் போகர் நவபாஷாணத்தால் செய்ததாக ஐதீகம். பழனி மூலவருக்கும் அதே கதைதான். மலையின் வடக்கு அடிவாரமும் மேல்மலையும் பழைய நடைபாதைகளால் இணைந்திருந்ததை இந்தக் கதைகள் ஒருவிதத்தில் நினைவூட்டுகின்றன.)

படிக்கட்டு வயல் எதற்கு?

சரிவில் நேராக உழுதால் முதல் மழையிலேயே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். அதனால் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் தள்ளி, அதைக் கல்வரப்பாலோ புல் வளர்ந்த மண் கரையாலோ நிறுத்திப் படியாக்குகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அழகுதான், ஆனால் அதன் வேலை வேறு:

1. ஓடும் தண்ணீரின் வேகத்தை உடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் மழைநீர் கொஞ்ச நேரம் நின்று மண்ணுக்குள் இறங்கும்.
2. குளிர்காற்று வழிந்தோடப் பாதை தருகிறது. தண்ணீர் நிற்கும், காற்று படி தாண்டிக் கீழே போய்விடும்.
3. பகலில் கல் உறிஞ்சிய வெயிலைச் சாயங்காலம் வரை கொஞ்சம் பிடித்துவைக்கிறது.

விலையும் உண்டு. ஒரு படியின் அகலம் சில அடிகள்தான் என்றால் டிராக்டர் இறங்காது. மண்வெட்டி, கொத்து, கை. பல இடங்களில் உரமூட்டை வயலுக்கு இறங்குவதும் விளைச்சல் சாலைக்கு ஏறுவதும் குதிரை முதுகில்தான். சமவெளியில் இயந்திரம் செய்யும் வேலைக்கு இங்கே ஆள் கூலியும் குதிரை வாடகையும் தனித்தனியாக விழும். மலைப்பூண்டின் விலையில் ஒரு பங்கு இந்தச் சரிவுக்குக் கொடுக்கும் காசு. இதைச் சொல்லாமல் 'மருத்துவ குணம்' என்று மட்டும் சொல்லி விற்பது வியாபாரத் தந்திரம்.

படிகளுக்கு ஒரு பலவீனமும் உண்டு. வரப்பை ஒவ்வோர் ஆண்டும் பழுது பார்க்க வேண்டும். ஒரு படி கைவிடப்பட்டால் அதன் வரப்பு சரியும், அது கீழ்ப்படியின் மேல் விழும். அடுத்த வீட்டுக்காரர் நிலத்தை விற்றுவிட்டு மதுரைக்கோ திருப்பூருக்கோ போனால், அது அவருடைய சொந்த விஷயமாக மட்டும் முடிவதில்லை.

பூண்டு ஏன் இங்கே கிழங்கு பிடிக்கிறது?

இதுதான் விஷயத்தின் மையம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பூண்டுச் செடி எப்போது இலை வளர்ப்பதை நிறுத்திக் கிழங்கு பிடிக்கத் தொடங்குகிறது? அதற்கு இரண்டு அறிகுறிகள் தேவை. ஒன்று, சில வாரங்கள் குளிர். இன்னொன்று, பகல் நீளம். வடஇந்திய மலைகளிலும் அதற்கு வடக்கேயும் கோடையில் பகல் மிக நீளும். அங்கே பழகிய பல ரகங்கள் அந்த நீண்ட பகலைப் பார்த்தால்தான் கிழங்கு கட்டும். கொடைக்கானல் இருப்பது சுமார் 10 டிகிரி வட அட்சத்தில். இங்கே ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள்தான். நீண்ட பகல் ரகத்தைக் கொண்டுவந்து நட்டால் வெங்காயத்தாள்போலத் தழைத்து நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது.

ஆகவே இங்கே விளைய வேண்டுமென்றால் குறுகிய பகலிலேயே கிழங்கு பிடிக்கும் ரகமாக இருக்க வேண்டும். அதற்குத் தேவையான குளிரை உயரம் தர வேண்டும். அந்த இரண்டும் சேருமிடம் மேல்மலை. நீலகிரியிலும் இதே கதைதான். ஊட்டி பூண்டு என்று ஒன்று இருப்பதும் இதனால்தான். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தின் வட்டவடையும் காந்தளூரும் அதே உயரப் பட்டையில் இருக்கின்றன. அங்கே தமிழ் பேசும் விவசாயிகளும் பூண்டுதான் போடுகிறார்கள். அந்தப் பூண்டுக்கும் தனியே புவிசார் குறியீடு உண்டு. மாநில எல்லை மாறினாலும் மலை ஒன்றே.

மேல்மலையில் ஆண்டுக்கு இருமுறை நடுகிறார்கள்: மே வாக்கில் ஒன்று, நவம்பர் வாக்கில் ஒன்று. ஏறத்தாழ நான்கு மாதப் பயிர். மே நடவு சாரல் காலத்தில் வளர்ந்து பெருமழைக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். நவம்பர் நடவு குளிரில் வளர்ந்து வெயிலில் முற்றும். முற்றும் நேரத்தில் தொடர்மழை பிடித்தால் கிழங்கு அழுகும், மேல்தோல் கறுக்கும், வைத்து விற்க முடியாது. ஐப்பசி மழை பதினைந்து நாள் முன்னே வந்தது என்பது நகரத்துக்கு வானிலைச் செய்தி. இங்கே அது ஒரு போகத்தின் இழப்பு.

அறுவடை செய்த பூண்டைத் தாளோடு கட்டாகக் கட்டி, புகை படும்படி தொங்கவிட்டு வைப்பது பழைய வழக்கம். புகை ஈரத்தை இழுக்கும், பூச்சியை விரட்டும். பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். ஒரு முழுப்பூண்டு 20 முதல் 30 கிராம்வரை இருக்கும், வெள்ளை அல்லது வெளிறிய மஞ்சள் நிறம். மணமும் காரமும் கந்தகச் சேர்மங்களால் வருகின்றன. பல்லை நசுக்கும்போது உள்ளே தனித்தனி அறைகளில் இருக்கும் அல்லியினும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அல்லிசின் ஆகிறது. முழுப் பல்லை முகர்ந்தால் பெரிதாக மணம் வராததற்குக் காரணம் அதுதான். கொடைக்கானல் பூண்டில் இந்தச் சேர்மங்கள் அதிகம் என்பது புவிசார் குறியீட்டுக்காக முன்வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று.

விதைக் கணக்கு

பூண்டுக்கு நெல்போல விதை கிடையாது. பல்லைத்தான் நட வேண்டும். அதாவது, சாப்பிடுவதும் விதையும் ஒரே பொருள். இந்த ஒரு வரியிலிருந்து மேல்மலையின் பாதிப் பொருளாதாரம் கிளம்புகிறது.

ஏக்கருக்கு 200 கிலோவுக்கு மேல் பல் தேவைப்படும். கிலோ ₹300 என்று வைத்துக்கொள்வோம். விதைக்கு மட்டும் ₹60,000. உரமும் கூலியும் குதிரையும் இன்னும் வரவில்லை. விலை ஏறினால் விவசாயிக்கு லாபம் என்று நாம் நினைக்கிறோம். விற்கக் கையில் பூண்டு இருப்பவருக்கு அது சரி. நடப்போகிறவருக்கு அதே விலைதான் செலவு. 2024 தொடக்கம்போல விலை உச்சத்தில் இருக்கும்போது விதை வாங்கி நட்டவர், நான்கு மாதம் கழித்து மத்தியப் பிரதேசத்து வரத்து சந்தையை நிரப்பி விலை இறங்கினால், ஒரே பயிரில் இரண்டு பக்கமும் அடி வாங்குவார். நாட்டின் பூண்டு விலையைத் தீர்மானிப்பது அங்குள்ள மந்த்சௌர், நீமச் மண்டிகள். பூம்பாறையின் விளைச்சல் அந்தக் கணக்கில் ஒரு துளி.

சரி, வீட்டு விதையையே பத்திரப்படுத்தினால் என்ன? செய்கிறார்கள். ஆனால் விலை ஏறும்போது விதைக்கு வைத்த கட்டையும் விற்றுவிடத் தோன்றும். விற்றவர் அடுத்த போகத்துக்கு வெளியூர்ப் பூண்டை வாங்கி நடுவார். அங்கே மூன்று ஆபத்து:

1. பகல் நீளம் பொருந்தாத ரகமாக இருந்தால் கிழங்கே பிடிக்காது.
2. பிடித்தாலும் அது கொடைக்கானல் ரகம் ஆகாது. மேல்மலையில் 'சிங்கப்பூர் சிவப்பு', 'மேட்டுப்பாளையம்' என்று பெயர் சொல்லிப் போடுபவை தலைமுறையாக இந்தக் குளிருக்குப் பழகியவை.
3. பல் வழியே வைரஸும் அழுகல் நோயும் வரும். விதையில் முளைக்கும் பயிரில் பல வைரஸ்கள் அந்தக் கட்டத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். பல்லிலிருந்து வளரும் பூண்டில் அந்த வடிகட்டல் கிடையாது. வந்த நோய் போகம் போகமாகத் தொடரும்.

மூன்றாவது ஆபத்தைக் கீழ்மலை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகள் பக்கக்கன்றால் பெருகுபவை. 1970களிலிருந்து முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோய் கன்று வழியே தோட்டம் தோட்டமாகப் பரவியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் கிடைப்பதே அரிதானது. அந்த வாழைகளுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நோய் அதைப் படித்துவிட்டு நிற்கவில்லை.

புவிசார் குறியீடு எதைக் காக்கும்?

1999இல் இயற்றப்பட்டு 2003 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. பதிவகம் சென்னையில். முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் சில விஷயங்கள்:

1. இது தரச் சான்றிதழ் அல்ல, பெயர்ப் பாதுகாப்பு. குறிப்பிட்ட பகுதியில் விளையாததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதே இதன் சாரம். மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.
2. பாதுகாப்பு 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்ற முழுப்பெயருக்கு. 'மலைப்பூண்டு' என்ற பொதுச்சொல் யாருக்கும் சொந்தமில்லை. இமாச்சலில் விளைந்ததும் மலைப்பூண்டுதான், காஷ்மீரத்து ஒற்றைப்பல் பூண்டும் மலைப்பூண்டுதான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, எந்த மலை என்று சொல்லவில்லை, அவ்வளவே.
3. பதிவு செய்தவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர். விவசாயி 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தனியே பதிவு செய்தால்தான் அந்த அடையாளத்தை மூட்டையில் ஒட்ட முடியும்.
4. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

என் கணிப்பில் பிரச்சினை மூன்றாவதில் இருக்கிறது. மேல்மலைப் பூண்டின் பெரும்பகுதி பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. தென்னிந்தியப் பூண்டு வியாபாரத்தில் அது பெரிய பெயர். கேரளத்து வட்டவடைப் பூண்டும் வடஇந்தியப் பூண்டும் அங்கேதான் வருகின்றன. தரம் பிரித்து, சாக்கு மாற்றி, ஏற்றுகிற இடத்தில் ஊர்ப்பெயர் கழன்றுவிடுகிறது. வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்பணம் தந்தவருக்கே பூண்டைப் போடும் விவசாயிக்கும், அளவு பார்த்து வாங்கும் வியாபாரிக்கும் நடுவில் ஒட்டுச்சீட்டுக்கு இடமே இல்லை. கூட்டாகச் சேர்ந்து, தங்கள் பெயரிலேயே பொட்டலம் போட்டு விற்கும்வரை குறியீடு சுவரில் மாட்டிய சான்றிதழாகத்தான் இருக்கும்.

வயலுக்கு வெளியே

வயலைச் சுற்றி இருப்பது காடு. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 609 சதுர கி.மீ. காட்டுமாடுகள் வயலுக்குள் வருவது இன்று மேல்மலையின் அன்றாடப் புகார். கேரட்டையும் பீன்ஸையும் மேயும். பூண்டை மேய வேண்டியதுகூட இல்லை, மிதித்தால் போதும்.

ஏன் வருகின்றன? மேல்மலையின் இயற்கை நிலம் என்பது பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும். புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணிச் சீகை, பைன், தைல மரங்களை வரிசையாக நட்டார்கள். 1973 முதல் 2014 வரையான நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. நட்ட மரங்கள் முதல் காரணம். இரண்டாவது காரணத்தை விவசாயிகள் கேட்க விரும்புவதில்லை: வயல்களின் விரிவும்தான். மேய்ச்சல் நிலத்தை இரண்டு பக்கமும் இழந்த விலங்குக்கு, புல்லுக்குப் பதிலாகக் கேரட் கிடைக்கிறது.

புல்வெளியோடு போன கணக்கில் தண்ணீரும் அடக்கம். மழையை மெல்லப் பிடித்து மெல்ல விடுவது சோலையும் புல்லும். மேல்மலையின் வடசரிவு ஓடைகள் அமராவதிக்கும் பழனிப் பக்கத்து அணைகளுக்கும் போகின்றன. தென்சரிவு நீர் வைகையில் சேர்கிறது. பேரிஜம் ஏரியிலிருந்து பெரியகுளத்துக்குக் குடிநீர் போகிறது. பூம்பாறைப் படியில் தெளித்த மருந்தும், ஐப்பசி மழையில் கரைந்த மேல்மண்ணும் அதே வழியில்தான் இறங்கும்.

அப்புறம் சுற்றுலா. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் (வெளியூர் வண்டிகளுக்கு முன் அனுமதி) வந்தபோது விவாதம் முழுக்க நகரத்து நெரிசலைப் பற்றியே இருந்தது. மேல்மலையில் பிரச்சினை வேறு உருவத்தில் இருக்கிறது. படிக்கட்டு வயலைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். அந்தக் காட்சி தெரியும்படி தங்குமிடம் கட்டத்தான் நிலம் கேட்கிறார்கள். கட்டடத்துக்குச் சரிவை வெட்டும் முறையும் வயலுக்கு வெட்டும் முறையும் ஒன்றல்ல. வயலின் படி தண்ணீரை மண்ணுக்குள் விடும், கான்கிரீட் தளம் ஒரே இடத்தில் வடிக்கும். வடிந்த தண்ணீர் அடுத்த ஐப்பசியில் கீழ்ப்படி வரப்பைத் தேடி வரும்.

கடையில் எதைக் கேட்பது?

நிறத்தைப் பார்த்தோ பல்லின் அளவைப் பார்த்தோ ஊரை உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி 'மலைப்பூண்டா?' என்பதல்ல. எந்த ஊர்ப் பூண்டு, எந்தப் போகம் என்று கேளுங்கள். கொடைக்கானல் பூண்டென்றால் ஏறத்தாழ ஆகஸ்ட், செப்டம்பரிலோ மார்ச் வாக்கிலோ வெட்டியதாக இருக்க வேண்டும். 'வருஷம் முழுக்கப் புதுசாக வருகிறது' என்று சொன்னால், அது வேறு மலை.